மடித்த தாளும் தமிழர் சிறுநூலும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாசனம், செப்பேடு, இலக்கியம், பிறநாட்டார் குறிப்பு என்பவற்றைச் சான்றுகளாகக் கொள்வது மரபு. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்றும் உண்டு. எட்டுப் பக்கமாகவோ பதினாறு பக்கமாகவோ அமைந்து, நடுவிற் கம்பி தைக்கப்பெற்று, கையிற் கொடுக்கப்பெறும் சிறுநூலே அது. கோயில் திருவிழாவில் வழங்கப்பெறும் தோத்திரத் திரட்டு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் அறிக்கை, சங்கத்தின் யாப்பு விதிகள், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெறும் கல்வெட்டு எனப் பல வடிவில் அது வழங்குகின்றது. பெருநூல்கள் கூறாது விட்ட ஊர்ச் செய்திகளும் குடிவழிச் செய்திகளும் பெரும்பாலும் இச் சிறுநூல்களிலேயே தங்கியுள்ளன.

இவற்றை ஆக்கும் தொழில் நெடுங்காலம் அச்சகத்தாருக்கே உரியதாயிருந்தது. இன்றோ, கணினியும் அச்சுப்பொறியும் உள்ள எந்த வீட்டிலும் அது நிகழக்கூடும். கொச்சிக்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு குடும்பத்தார் மாலையில் எழுதி முடித்ததை இரவிற் பதிப்பித்து, விடியுமுன் மடித்துத் தைத்து, காலையில் வந்தோர் கையிற் கொடுத்துவிடலாம். இம் மாற்றத்தால் வந்த பேறு யாது, நேர்ந்த இழப்பு யாது என்பதை வரலாற்று முறையில் நோக்குதல் தகும்.

ஏடும் தாளும்

தமிழர் பன்னூறாண்டு காலம் பனையோலையில் எழுதினர். ஓலை மடியாது, மடித்தால் ஒடியும். ஆகவே ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, சட்டங்களுக்கிடையே கட்டிவைத்தனர். ஏட்டுக்கு ஏடு எண் இட்டனர். முதலேட்டின் பின் இரண்டாம் ஏடு, அதன்பின் மூன்றாம் ஏடு என எழுதிய வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றாகவே இருந்தன.

தாள் இவ்வாறானதன்று. பெருந்தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு இதழும் நான்கு பக்கமும் உண்டாகும். இருமுறை மடித்தால் நான்கு இதழும் எட்டுப் பக்கமும், மும்முறை மடித்தால் எட்டு இதழும் பதினாறு பக்கமும் உண்டாகும். ஆனால் மடிப்பதற்கு முன் அத் தாள் விரிந்த நிலையிலேயே அச்சேறுகின்றது. எனவே முதலாம் பக்கத்தின் அருகில் இரண்டாம் பக்கத்தை வைத்தல் இயலாது. மும்முறை மடிக்கப்பெறும் தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும் மறுமுகத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய பக்கங்களும் அமைதல் வேண்டும். அவற்றுட் சில தலைகீழாகவும் நிற்றல் வேண்டும். விரித்த தாளில் குழப்பமாகத் தோன்றுவது மடித்தபின் ஒழுங்காகின்றது. இவ்வாறு ஒருங்கே அச்சேறும் பக்கத் தொகுதியை அச்சகத்தார் பாரம் என்பர். ‘இந்நூல் எத்தனை பாரம்?’ என வினவித் தாளையும் கூலியையும் அவர்கள் கணக்கிட்டதற்குக் காரணம் இதுவே.

மடிப்பின் எண்ணிக்கை நூலின் இயல்பையே மாற்றவல்லது. வெனிசு நகரத்து அச்சாளர் அல்டஸ் மனுசியஸ் என்பார் 1501இல் வேர்ஜில் என்னும் உரோமப் புலவரின் பாடல்களை எட்டாக மடித்த சிறு வடிவிற் பதிப்பித்தார். மேசைமேல் வைத்துப் படித்த நூல் அதனாற் கையிலெடுத்துச் செல்லும் நூலாயிற்று.

தமிழ்ச் சிறுநூலின் தொடக்கம்

தமிழ்மொழி அச்சேறிய வரலாறும் சிறுநூலிலேயே தொடங்குகின்றது. 1554இல் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய இலிசுபனில் கத்தோலிக்க மறைக்கல்விச் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்திலே பதிக்கப்பெற்றன. தமிழெழுத்திலே பாரத மண்ணில் அச்சான முதல் நூலாகக் கிடைப்பது, அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் 1578 ஒக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ ஆகும். அதன் அளவு பதினாறு பக்கம். அதாவது, மும்முறை மடித்த ஒரு தாள் தரும் பக்கங்களின் தொகையாகும். அந்நூலின் ஒரு பிரதி அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்படுவதாலேயே அதன் நாளும் இடமும் உருவமும் இன்று திட்டமாக அறியப்படுகின்றன. சிறுநூலின் வலிமையும் மென்மையும் இவ்வொரு செய்தியாற் புலனாகும்.

ஈழநாட்டில் அச்சுத்தொழிலைத் தொடக்கியோர் ஒல்லாந்தர். கொழும்பில் அவர்கள் நிறுவிய அச்சகத்திலிருந்து 1737இல் சிங்கள மொழியில் ஒரு செபநூல் வெளிவந்தது. 1759இல், பிலிப்பு தெ மெல்லோ என்னும் சுதேச குருவானவரின் மொழிபெயர்ப்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பிலே பதிப்பிக்கப்பெற்றது. கொச்சிக்கடைக்கு அணித்தாக மேட்டுநிலத்தில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம், 1749இல் அடித்தளமிடப்பெற்று 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்றது. அது இவ் அச்சகத்தின் காலத்ததேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் சிறுநூல்களின் களமாயிற்று. மானிப்பாயில் அமெரிக்க மிஷனார் 1834 முதல் நடத்திய அச்சகத்திலிருந்து சமயப் பிரசுரங்கள் பல வெளிவந்தன. அவற்றுக்கு எதிராக ஆறுமுகநாவலர் (1822–1879) எடுத்த கருவியும் அச்சேயாகும். 1849இல் அவர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எளிய வசன நடையில், பிள்ளைகள் கைக்கொள்ளத்தக்க அளவில் அமைந்தன. வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிக்கும் முறையைப் பாதிரிமாரின் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, அதனையே சைவத்துக்கு அரணாக்கிய அவரது திறம் வியக்கற்பாலது. நாவலரின் வெற்றிக்கு அவர்தம் நாவன்மை ஒரு காரணமாயின், மடித்த தாளின் பயனை அறிந்திருந்தமை மற்றொரு காரணம் எனலாம்.

அச்சகம் ஆற்றிய இருபணி

அச்சகம் சிறுநூலுக்குச் செய்த பணிகள் இரண்டு. முதலாவது, மேற்கூறியவாறு பக்கங்களை முறைப்பட நிறுத்தியமை. இரண்டாவது, நூலுக்கு முகவரி கொடுத்தமை. பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தை நோக்குமிடத்து ஆக்கியோன் பெயர், பதிப்பித்தோன் பெயர், அச்சகத்தின் பெயர், ஊர், ஆண்டு என்பன வரிசையாக நிற்றலைக் காணலாம். பல நூல்களில் ஆங்கில ஆண்டோடு தமிழ் வருடப் பெயரும் சேர்ந்திருக்கும். இக் குறிப்புகள் வெறும் அலங்காரமல்ல. நூல் எங்கே, எப்போது, யாரால் உண்டாயிற்று என்பதற்கு அவையே சாட்சி.

இப் பணிக்குச் சட்டமும் துணைநின்றது. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைப் பேணுதற்கும் அவற்றைப் பதிவுசெய்தற்குமென 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பெற்றது. அச்சாளர் தாம் அச்சிட்ட நூலின் பிரதிகளை அரசுக்கு அளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அங்ஙனம் அளிக்கப்பெற்ற நூல்களே சுவடிகள் திணைக்களத்திற் சேர்ந்து ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. இச் சட்டத்தின் பொறுப்பை அச்சாளரே தாங்கினார் என்பது இங்குக் கருதத்தக்கது. நூலை வெளியிட்ட ஊர்ச் சங்கத்தாருக்கு இவ்விதி தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அச்சகத்தாருக்குத் தெரிந்திருந்தாற் போதியதாயிற்று.

அச்சகத்துக்கு வெளியே

அச்சகத்தின் துணையின்றிப் பிரதிகளை ஆக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிற்று. 1876இல் அமெரிக்கரான தோமஸ் எடிசன் மெழுகுத்தாளைத் துளைத்து மையை ஊடுருவச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1881இல் டேவிட் கெஸ்டெட்னர் என்பார் சிறு சக்கரம் பொருத்திய எழுதுகோலால் அதனை எளிதாக்கினார். இவ்வழியில் வளர்ந்த பொறியையே ஈழத்துப் பாடசாலைகளும் காரியாலயங்களும் றோணியோ என வழங்கின. பரீட்சை வினாத்தாளும் மாணவர் சஞ்சிகையும் அதிற் பிறந்தன. ஆயினும் மெழுகுத்தாளிற் செய்த பிழையைத் திருத்தல் அரிது. அச்செழுத்தின் அழகும் அதற்கு வாய்க்கவில்லை.

பெருமாற்றம் 1985இல் நேர்ந்தது. அவ்வாண்டில் அப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும், பக்கங்களைக் கணினித் திரையிலேயே அமைக்கும் ‘பேஜ்மேக்கர்’ என்னும் செயலியும் ஒருங்கே சந்தைக்கு வந்தன. அச் செயலியை ஆக்கிய நிறுவனம், எட்டாக மடித்த சிறுநூலைப் பரப்பிய வெனிசு நகரத்தாரின் நினைவாகவே ‘அல்டஸ்’ எனப் பெயர் பூண்டிருந்தமை பொருத்தமுடைத்து. ஈழத்தில் தமிழ்த் தட்டெழுத்துப் பலகையின் வழக்கையொட்டிய பாமினி முதலிய எழுத்துருக்கள் பரவின. ஈய எழுத்தைக் கோத்த கைகளின் பணியைத் தட்டச்சுச் செய்யும் விரல்கள் ஏற்றன.

பக்கங்களை நிறுத்தும் கலையும் பின்னர்ப் பொறியின்பாற் சென்றது. ஆவணத்தை அச்சிடும்போது சிறுநூல் வடிவம் என்னும் தெரிவை எடுத்தவுடன், கணினி தானே பக்கங்களை வரிசைமாற்றி வைக்கின்றது. பதினாறு பக்கச் சிறுநூலுக்கு ஏ4 அளவுத் தாள் நான்கு வேண்டும். முதற்றாளின் வெளிமுகத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், உள்முகத்தில் 2ஆம் பக்கமும் 15ஆம் பக்கமும் அமையும். அடுத்த தாளில் 14உம் 3உம், அதன் மறுமுகத்தில் 4உம் 13உம் அமையும். மூன்றாம் தாளில் 12உம் 5உம், 6உம் 11உம். நான்காம் தாளில் 10உம் 7உம், 8உம் 9உம் வரும். எம் முகத்தை எடுத்துக் கூட்டினும் 17 என்னும் தொகையே கிட்டும். அஃதாவது, மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய எண். எம் முகத்திலும் இடப்புறம் இரட்டையெண்ணும் வலப்புறம் ஒற்றையெண்ணும் நிற்கும். இவ்விரு விதிகளையும் நினைவிற் கொண்டால், செயலியின் உதவி இல்லாவிடத்தும் எவரும் சிறுநூலைப் பிழையற அமைக்கலாம்.

பொறி செய்யாத சில கணக்கு மனிதருக்கு உரியது. மடித்த தாள் ஒவ்வொன்றும் நான்கு பக்கம் தருவதால், பக்கத்தொகை நான்கால் மீதியின்றி வகுபடல் வேண்டும். பதினான்கு பக்கம் எழுதினார்க்கு இரண்டு பக்கம் வெறுமையாக எஞ்சும். அவற்றை எங்கே விடுவது என்பதை முன்னரே கருதாவிடின் பின்னட்டை வெறுமையாய் நிற்கும். இரு முகத்திலும் தானே அச்சிடும் பொறியில் தாளைக் குறுகிய விளிம்பின்வழித் திருப்புமாறு பணித்தல் வேண்டும். நீண்ட விளிம்பின்வழித் திருப்பினால் உட்பக்கங்கள் தலைகீழாகும். ஒரு முகத்தில் மட்டும் அச்சிடும் பொறியாயின், முதலில் ஒரே ஒரு பிரதியைச் செய்து பார்த்தல் அறிவுடைமை. நடுவில் ஒரு தாள் பிறழ்ந்தால் அதன் பின்னுள்ள தாள் யாவும் பிறழும். தாள்கள் மிகும்போது உள்ளிருக்கும் தாள்கள் வெளியே துருத்துவதும் இயல்பு. ஆதலாற்றான் அச்சகத்தார் பெருநூல்களைப் பதினாறு பதினாறு பக்கப் பகுதிகளாக மடித்துத் தனித்தனி தைத்தனர்.

தாளின் அளவும் இங்குத் துணைசெய்கின்றது. 1922இல் ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த அளவுத் திட்டத்தில், தாளைப் பாதியாக மடித்தாலும் நீள அகலங்களின் விகிதம் மாறுவதில்லை. 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடைய ஏ4 தாளை மடித்தால் 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் நீளமும் உடைய ஏ5 வடிவம் கிடைக்கும். எனவே பெரும்பக்கத்துக்கென எழுதியதைச் சுருக்கிச் சிறுபக்கத்தில் வைக்கும்போது அழகு கெடுவதில்லை. 2022 மார்ச்சு மாதத்தில் இலங்கை முழுவதும் தாளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்து, மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அத்தகைய காலத்தில், பதினாறு பக்கத்தை நான்கு தாளில் அடக்கும் மடிப்பின் அருமை எளிதில் விளங்கும்.

கல்வெட்டு என்னும் சிறுநூல்

வீட்டுக் கணினியில் ஆக்கப்பெறும் சிறுநூல்களுள் ஈழத்தமிழர்க்கே சிறப்பாக உரியது கல்வெட்டு. அந்தியேட்டிக் கிரியைக்குப் பின் முப்பத்தோராம் நாளில் உற்றார் உறவினர்க்கு வழங்கப்பெறுவது அது. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைச் சுட்டும் வெண்பாவும், தேவாரம் முதலாகப் புராணம் ஈறாகவுள்ள திருமுறைப் பாடல்களும், இறந்தோர் வாழ்க்கை வரலாறும், வம்சாவளியும், நன்றியுரையும் அதில் இடம்பெறும். புலவர் பாடிய இரங்கற்பாக்கள் பண்டு அதன் பெரும்பகுதியாயிருந்தன. பிற்காலத்தில் வசன வரலாறும் நிழற்படமும் மிகுந்தன.

வரலாற்று மாணாக்கனுக்கு இக் கல்வெட்டு அரும்பொருள். எந்த ஊரிற் பிறந்தார், எப் பாடசாலையிற் படித்தார், எத் தொழில் நோக்கிக் கொழும்புக்கு வந்தார், எவ்வாண்டில் இடம்பெயர்ந்தார், பிள்ளைகள் எந்நாடுகளிற் குடியேறினர் என்பனவற்றை அது நான்கு பக்கத்திற் கூறிவிடும். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்ற ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு, இத்தகைய சிறுநூல்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதே முழுமை பெறும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த 97,000 அளவினவான நூல்களுள் மறுபிரதி இல்லாதனவும் இருந்தன. அவ்விழப்பின் பின் வீடுகளின் அலுமாரிகளில் எஞ்சிய சிறுநூல்களின் பெறுமதி பன்மடங்காயிற்று.

இழப்பும் கடமையும்

இந்நிலையிலேயே இம் மாற்றத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அச்சகம் செய்த இரு பணிகளுள் முதலாவதைக் கணினி ஏற்றது. இரண்டாவதை எவரும் ஏற்கவில்லை. வீட்டிற் செய்த சிறுநூலில் அச்சகத்தின் பெயர் இராது. ஆண்டும் இடமும் பலகால் விடுபடும். இருபத்தைந்து பிரதி எடுத்து இருபத்தைந்து பேருக்கு வழங்கியபின் இருபத்தாறாவது பிரதி உலகில் இல்லை. அதனை அரசுச் சுவடிக்கூடத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்ற நினைவு வீட்டாருக்கு வருவதுமில்லை. எண்ணிக்கையிற் சிறுநூல்கள் பெருகியும், பட்டியலில் அவை அருகிக் காணப்படுதற்கு ஏது இதுவே.

கணினிக் கோப்பு உள்ளதே எனின், அதுவும் உறுதியானதன்று. பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பெற்ற கோப்பு, அவ் எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கூட்டமாகத் தோன்றும். தமிழெழுத்துகளுக்கு உலகப் பொதுவான குறியெண்கள் 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முறையில் வகுக்கப்பெற்றன. எனினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களிலேயே எழுதும் வழக்கம் நீடித்தது. கறையான் அரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தையேனும் படிக்கலாம். குறியெண் தெரியாத கோப்பில் ஒன்றையும் படிக்கவியலாது.

இக் குறையை நீக்குதல் அரிதன்று. சிறுநூல் ஆக்குவோர் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகளுக்கு இடம்விட்டு, ஆக்கியோர் பெயர், ஊர், நாள், எடுத்த பிரதிகளின் தொகை என்பவற்றைக் குறித்தல் வேண்டும். நான்கால் வகுபடாது எஞ்சும் வெறும்பக்கம் இதற்கே போதும். கோப்பை யுனிக்கோட் எழுத்திலும், எக் கணினியிலும் உருமாறாத பீ.டி.எஃப் வடிவிலும் சேமித்தல் வேண்டும். வழங்குவதற்கு வேண்டிய பிரதிகளோடு சில பிரதிகளை மிகையாக எடுத்து, சுவடிகள் திணைக்களத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் படித்த கல்லூரியின் நூலகத்துக்கும் அனுப்புதல் வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் தொகுத்து 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் திட்டத்தாரின் சேகரத்தில் நினைவு மலர்களுக்கும் இடமுண்டு. அவர்களுக்கும் ஒரு பிரதி சேருமாயின் உலகின் எம்மூலையில் உள்ளவரும் அதனைப் படிக்கலாம்.

கல்லூரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் ஒரு தெருவின் கல்வெட்டுகளையும் திருவிழாச் சிறுநூல்களையும் திரட்டிப் பட்டியலிட முன்வருதல் நன்று. கொச்சிக்கடையில், பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதலாகக் கருங்கல்லிற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், புனித அந்தோனியார் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் இப் பணியைத் தொடங்கினால், சைவர், கத்தோலிக்கர் ஆகிய இருசாராரின் சிறுநூல்களும் ஒருங்கே கிட்டும். அத்தொகுப்பு, ஒரு நகரப்பகுதியில் தமிழர் வாழ்ந்த வரலாற்றுக்கு அவர்தாமே எழுதிய மூலமாக அமையும்.

அச்சியந்திரம் பெறுதற்கு நாவலர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று அவ் ஆற்றல் வீட்டு மேசைமேல் இருக்கின்றது. ஆற்றல் எளிதாகக் கிடைத்தவிடத்துப் பொறுப்பும் உடன்வருதல் முறை. வீட்டார் அச்சாளராயினமையால், அச்சாளர் முன்னர்த் தாங்கிய கடமையும் வீட்டாருக்கே உரியதாயிற்று. கொல்லத்திற் பிறந்த பதினாறு பக்கச் சிறுநூலை ஒரு பிரதி நாலரை நூற்றாண்டாக உலகுக்கு உணர்த்தி நிற்கின்றது. இன்று மடிக்கப்பெறும் தாள்களிலும் ஒரு பிரதியேனும் எஞ்சுமாறு செய்தல், வருங்காலத்து வரலாற்றாசிரியனுக்கு இத் தலைமுறையினர் செய்யத்தக்க பேருதவியாகும்.